அக்னி மூலையில் ஒரு ஏசி

எங்கள் வீட்டுக்கு ஏசி ஆசைப்பட்டு வந்ததல்ல. திண்டுக்கல் வெயிலில் பிறந்து, திண்டுக்கல்லிலேயே வாழ்க்கைப்பட்டு, ஒரே ஒரு மேசை விசிறியை வைத்துக்கொண்டு பிள்ளை பெற்று வளர்த்தவள் நான். ஏசி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பட்டப்பகலில் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, கழுத்துவரை போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். அதற்குப் பேசாமல் கொடைக்கானலுக்கே குடிபோய்விடலாமே என்று என் வீட்டுக்காரரிடம் கேலி பேசியிருக்கிறேன். அப்படிப் பேசியவள் வீட்டுக்கு ஏசி வந்தது அவருடைய கழுத்துக்காக.

அவருக்குக் குரல்வளையில் கட்டி. மதுரையில் வைத்தியம் பார்த்தோம். முதலில் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள், கரண்டு வைப்பது என்பார்கள் எங்கள் பக்கம். கரண்டு வைத்த இடமெல்லாம் தோல் கறுத்து, வழன்று, உரிந்துவிட்டது. அதன்மேல் ஒரு சொட்டு வியர்வை இறங்கினால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும். அதுவோ சித்திரை மாதம். எங்களுடையது காங்கிரீட் வீடு. மத்தியானம் ஆகிவிட்டால் தலைக்கு மேலே தளம் கொதிக்கும். "வேர்க்கவே விடாதீங்கம்மா, ஏசி ரூம்ல வச்சுக்கங்க" என்றார் டாக்டர். கையோடு இன்னொன்றையும் சொன்னார். கட்டி கரண்டுக்கு மசியவில்லை, உடம்பு கொஞ்சம் தேறட்டும், குரல்வளையையே எடுத்துவிடலாம், ஆனால் அதற்கப்புறம் பேச்சு இருக்காது என்றார்.

யாருக்குப் பேச்சு இருக்காது என்று சொல்கிறோம் என்பது அந்த டாக்டருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் மாட்டுத் தரகர். ஒட்டன்சத்திரம், செம்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே மாடு கைமாறினாலும் நடுவில் இவர் நின்றிருப்பார். மாட்டுக்குச் சுழி பார்த்து, பல்லைப் பிடித்து வயது சொல்லி, இல்லாத பெருமையெல்லாம் சொல்லி, சந்தையின் இந்தக் கடைசியில் அவர் பேசினால் அந்தக் கடைசியில் இருக்கிற டீக்கடைக்காரர் சிரிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எனக்கு மறுபடியும் முதலிலிருந்து எல்லாம் நடக்கும். நான் அடுப்படியில் நின்று வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்று, விற்றவன் எப்படி இழுத்தான், வாங்கினவன் எப்படி முறுக்கினான், மாடு எப்படி முழித்தது என்று மூன்று பேராகவும் நடித்துக் காட்டுவார். நான் சந்தையை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் அங்கே எந்தப் புளியமரத்தடியில் எந்த ஊர்க்காரர் மாட்டைக் கட்டுவார் என்பது எனக்குத் தெரியும்.

அம்புட்டுப் பேசுகிற மனிதர் விலையை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அது அவர்கள் தொழில் வழக்கம். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு பேர் கையின் மேலும் போட்டு, உள்ளே விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, இரண்டு விரல் என்றால் இரண்டு. கை மொத்தத்தையும் பிடித்தால் அஞ்சு. கையையும் பிடித்துவிட்டு அப்புறம் ஒரு விரலைப் பிடித்தால் ஆறு. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. கல்யாணமான புதிதில் இதை எனக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தார். விலை படியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"பிடிக்காதவன் கையை உருவிக்கிட்டுப் போயிருவான். அம்புட்டுத்தான், பேரம் முறிஞ்சுச்சு. கை உள்ள இருக்குற வரைக்கும் பேரம் உசுரோட இருக்கு" என்றார்.

இப்போது ஏசிக்கு வருகிறேன். டாக்டர் சொன்ன செய்தியைக் கேட்டதும் என் அண்ணன் மறுநாளே ஒரு ஆட்டோவில் ஏசியோடு வந்து இறங்கினார். அவர் வீட்டு மாடியறையில் சும்மா கிடந்த பழைய ஏசி. மாட்டுவதற்குப் பேகம்பூரிலிருந்து ஒரு மெக்கானிக் பாயையும் கையோடு கூட்டிவந்திருந்தார். என் அண்ணனைப்போல ஓடிவந்து செய்கிறவரை நான் பார்த்ததில்லை. அதே சமயம், செய்கிறதை அவர் சொல்கிறபடிதான் செய்ய வேண்டும். வெளியே மாட்டுகிற பெட்டியை வீட்டுக்குப் பின்பக்கம் தள்ளி வைக்கலாம் என்று பாய் சொன்னார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அனல் கக்குற சாமான் அக்னி மூலையிலதான் இருக்கணும். சீக்காளி இருக்குற வீட்டுல வாஸ்து பிசகுனா ஆகாது" என்றார்.

அறையின் தென்கிழக்கு மூலைச் சுவரில் வெளிப்பக்கமாக இரும்புச் சட்டம் அடித்துப் பெட்டியை ஏற்றினார்கள். கட்டிலைத் தெற்கே தலைவைத்துப் போட வேண்டும் என்பதும் அவர் சாஸ்திரம்தான். ஆக, சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி, இந்தப் பக்கம் என் வீட்டுக்காரரின் தலை. நடுவில் இருந்தது ஒற்றைக்கல் சுவர். போட்டதும் அறை குளிர்ந்தது. அவர் கழுத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார். எரிச்சல் இறங்குவது முகத்தில் தெரிந்தது. நான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சத்தம் அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. வெளியே பெட்டி உறுமியது, உள்ளே தலைக்கு மேலிருந்த பெட்டி கடகடவென்றது, மாடத்தில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் செம்போடு ஒட்டிக்கொண்டு கிணுகிணுத்தது. அவர் ஏதோ பேச வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அவருடைய குரல் அதற்குள் வெறும் காற்றாகிவிட்டிருந்தது. கிட்டே உட்கார்ந்தால் கேட்கும், ஆனால் கூட ஒரு சத்தமும் இருக்கக்கூடாது. உதடு அசைந்தது. எனக்கு ஏசிதான் கேட்டது.

"என்னங்க? கேக்கலையே" என்றேன்.

மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டு கையை ஆட்டி விட்டுவிட்டார். சந்தையையே கலக்கிய மனிதர், பெண்டாட்டியிடம் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் பரவாயில்லை என்று கையாட்டியது அன்றைக்குத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியை அம்மிக்குழவியால் போட்டுச் சாத்தியிருப்பேன்.

அணைத்துவிட்டுப் பேசினால் என்ன என்று கேட்பீர்கள். அதையும் செய்தோம். அடைத்த அறை, சித்திரை வெயில். அவர் கதையின் பாதிக்கு வருவதற்குள் நெற்றியில் முத்துமுத்தாக அரும்பிவிடும். அது காதோரமாக இறங்கிக் கழுத்துக்கு வரும். எரிச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து, கதையை முடித்துவிடத்தான் பார்ப்பார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு கதை கேட்க முடியவில்லை. நானே எழுந்துபோய்ப் போட்டுவிடுவேன். போட்டதும் மிச்சக் கதையை ஏசி விழுங்கிவிடும்.

அப்படியே நாள் போனது. உடம்பு தேறத் தேற ஆபரேஷன் கிட்டே வந்தது. அவர் நன்றாகிறார் என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. இருக்கிற பேச்சு இருக்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் தினம் போன் பண்ணி, "அம்மா, அப்பா பேசுறதைச் செல்லுல புடிச்சு வையும்மா" என்பாள். பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் போட்டால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்து பிடித்ததுபோல இருந்தது.

அதற்கப்புறம் சத்தத்தோடு சண்டைக்கு இறங்கினேன். பாய்க்குப் போன் மேல் போன் போட்டேன். அவர் முதலில் கேஸ் குறைச்சல் என்றார், அப்புறம் வெளி விசிறியில் தூசி என்றார், அதற்கப்புறம் "பழசு இப்படித்தாம்மா இருக்கும், புதுசு வாங்கிருங்க" என்றார். நான் விடவில்லை. உள்பெட்டியின் முன்மூடி தளர்ந்துபோய்க் கடகடத்தது. அதற்குக் காலியான மாத்திரை அட்டைகளை மடித்துச் செருகினார். எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்? கடகடப்பு நின்றது. தலைமாட்டில் 'ஊம்' என்று இரைந்துகொண்டிருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோனார். பஞ்சர் கடையில் கிழிந்த லாரி ட்யூப் வாங்கி, துண்டுதுண்டாக வெட்டி, வெளிப்பெட்டிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் மெத்தைபோல வைத்தார். டம்ளர் கிணுகிணுப்பது அத்தோடு நின்றது. நான் என் பங்குக்கு இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தினேன். ஒவ்வொன்று செய்யும்போதும் ஒரு படி சத்தம் இறங்கியது. அவருடைய குரலும் அதே மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை இறக்கினாலும் அது எனக்கு எட்டாத தூரத்திலேயே இருந்தது.

சாக்கு போட்ட கூத்தையும் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பானைக்கு ஈரச்சாக்கு சுற்றுவோம், பூக்கூடைக்கு ஈரச்சாக்கு போடுவோம். வெளிப்பெட்டிக்கும் போட்டால் சத்தமும் அமுங்கும், பெட்டியும் குளிர்ந்துபோகும் என்று எனக்கு ஒரு யோசனை. இரண்டு சாக்கை நனைத்துப் பெட்டியை நாலா பக்கமும் போர்த்திக் கயிற்றால் கட்டிவிட்டேன். செத்த நேரம் சத்தம் அமுங்கித்தான் கேட்டது. நானும் பெருமையாக வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டினதுபோல அது ஓலமிட ஆரம்பித்தது. அப்புறம் டப்பென்று நின்றுவிட்டது. அறை கொதிக்க ஆரம்பித்தது. அவருக்கு வியர்த்துக் கழுத்தெல்லாம் எரிய, நான் விசிறியால் வீச, பாய் வந்து சாக்கை அவிழ்த்து எறிந்தார்.

"அனல் வெளிய போறதுக்கு வழி வேணாமாம்மா? நல்லவேளை, கம்ப்ரஸர் தப்பிச்சுச்சு" என்று கத்தினார்.

ஏசி மறுபடி ஓட ஆரம்பிப்பதற்குள் என் வீட்டுக்காரர் என்னைக் கிட்டே வரச்சொல்லிச் சைகை காட்டினார். காதை அவர் வாயோடு வைத்துக் கேட்டேன். "இந்தா புள்ள, சாக்கு போடறது மாட்டுக்கு" என்றார். எரிச்சலில் கண்ணில் தண்ணீர் நின்றது, அதோடு சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

அன்றைக்கே பாய் ஒன்றைச் சொன்னார். இனி என்ன வைத்தாலும் தீராது, சத்தம் சுவர் வழியாக இறங்குகிறது, பெட்டியை அந்தச் சுவரிலிருந்து கழற்றி மாடிக்கு ஏற்றினால்தான் உண்டு. நான் உடனே சரி என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அண்ணனுடைய மனம் நோகும் என்பது ஒன்று. அதைவிட, அவருக்கே பயம். மாட்டுக்குச் சுழி பார்த்தே பிழைத்தவர். ஒரு சுழி தப்பாக இருக்கிற மாட்டை எத்தனை அழகாக இருந்தாலும் தொடமாட்டார். அப்படிப்பட்டவர் மூலையை மட்டும் எப்படிப் பொய் என்று சொல்லுவார்? "இந்த நேரத்துல அக்னியை நகட்ட வேணாம்" என்று உதட்டை அசைத்தார். எனக்கு மூலையிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆபரேஷனுக்கு நாள் குறித்த வீட்டில், ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு வந்தால், நம்பிக்கை இல்லாதவளும் அந்த மூலையைத் தொடமாட்டாள். விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த ஏசியோடு எப்படிப் பிழைப்பது என்பதை நாங்களே கண்டுபிடித்தோம். அறை போதுமான அளவு குளிர்ந்தால் வெளிப்பெட்டி தானே நிற்கும். உள்ளே விசிறி மட்டும் சன்னமாக ஓடும். மறுபடி சூடேறினால் பெட்டி உறுமிக்கொண்டு எழும்பும். அது ஓய்கிற அந்த இடைவெளிக்காக இரண்டு பேரும் காத்திருப்போம். நின்றதும் அவர் பேசுவார், நான் குனிந்து கேட்பேன். பெட்டி எழும்பினால் நடுவார்த்தையில் நிறுத்துவார். அடுத்த இடைவெளியில் விட்ட வார்த்தையிலிருந்து பிடிப்பார்.

குளிர்ச்சியைக் குறைத்து வைத்தால் இடைவெளி நீளும். கூட்டி வைத்தால் பெட்டி ஓயாது. இதில்தான் எங்களுக்குள் பேரம் வந்தது. அவர் தேங்காய்ப்பூத் துண்டை எடுத்து என் கையின் மேல் போடுவார். உள்ளே முதலில் இரண்டு விரல், அப்புறம் கை மொத்தமும் மூன்று விரலும். இருபத்தெட்டு. நிறையப் பேச வேண்டும் என்று அர்த்தம். நான் திருப்பி இரண்டு விரல், அப்புறம் நான்கு விரலைப் பிடிப்பேன். இருபத்து நான்கு. பேச்சு கிடக்கட்டும், கழுத்து எரியக்கூடாது என்று அர்த்தம். அவர் முறைப்பார். ஒரு விரலை இறக்குவார். நான் ஒரு விரலை ஏற்றுவேன். கடைசியில் இருபத்தாறில் வந்து நிற்கும். நான் ரிமோட்டை எடுப்பேன். முப்பது வருஷமாகச் சந்தையில் யார் யாரோடெல்லாமோ போட்ட துண்டு, அந்த ஒரு மாதம் என்னோடு மட்டும் போட்டார். அந்த மாதத்தில் நான் பட்டதை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த மாதம்போல ஒரு மாதம் இனி எனக்கு வராது என்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆபரேஷனுக்காக மதுரைக்குப் புறப்பட்ட நாளும் வந்தது. அண்ணன் மத்தியானத்துக்கு மேல் கார் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். மகள் நேராக மதுரைக்கே வந்து காத்திருந்தாள். நான் பையைக் கட்டிவைத்துவிட்டு அவருக்கு வெள்ளை வேட்டி உடுத்திவிட்டேன். அன்றைக்கு வெயில் கொடுமை. பெட்டி ஓய்கிற வழியாகத் தெரியவில்லை. ஏசியை அணைக்கட்டுமா என்று கேட்டேன். ஓடட்டும் என்று கையைக் காட்டினார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, செல்லை எடு என்று சைகை செய்தார். அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

சேவுகம்பட்டிக்காரர் ஒருவரின் காளை ஜோடியை விற்றுக்கொடுத்த கதையைச் சொன்னார். எனக்கு அது மனப்பாடம். விற்றவர் தலைக்கயிற்றைக் கொடுத்துவிட்டு, வாங்கினவர் டீ குடித்து முடிப்பதற்குள் பஸ் ஏறிவிட்டார். ஊருக்குப் போய் இறங்கி வீட்டுக்கு நடந்தால், பின்னாலேயே இரண்டு காளையும் கயிற்றை இழுத்துக்கொண்டு வருகின்றன. வாங்கினவர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பின்னாலேயே ஓடிவருகிறார். விற்றவர் இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதவர், மறுவருஷ உழவு வரை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று நின்றுவிட்டார். என் வீட்டுக்காரருக்குத் தரகு போச்சு. ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குத்தான் அதிகம் சந்தோஷம்.

கதை முடிந்ததும் துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். செல் என் இன்னொரு கையில் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே என் கையை மொத்தமாகப் பிடித்தார். நான் அஞ்சு என்று நினைத்தேன்.

"அஞ்சா? முன்னால ரெண்டு சொல்லலையே. என்ன அஞ்சு?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார். விரலை மாற்றவில்லை. பிடித்த பிடியாகவே இருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் நம்பர் எதுவும் சொல்லவில்லை என்று. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வாசலில் அண்ணன் கார் வந்து ஹாரன் அடித்தது. வண்டி வந்துவிட்டதே, பையை எடுக்க வேண்டுமே. கையை உருவிக்கொண்டு எழுந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருந்தார். மகள் பக்கத்தில் இருந்தாள். நான் ஒருநாள் மட்டும் திண்டுக்கல் வந்து பாயைக் கூப்பிட்டு, பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மாடியில் ஏற்றச் சொன்னேன். குரல்வளையை வெட்டியே எடுத்துவிட்டார்கள், இனி எந்த மூலை எங்களை என்ன செய்துவிடும் என்ற ஆங்காரம் எனக்கு. அவர் தூங்கவாவது தூங்கட்டும். பேச்சில்லாமல் வரப்போகிறவருக்குச் சத்தமில்லாத அறை எதற்கு என்று பாய் கேட்கவில்லை. நல்ல மனிதர். கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன்.

பெட்டி மேலே போனதும் போட்டுப் பார்த்தோம். அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. தெருவில் ஒரு பொம்பளை கீரை விற்றுக்கொண்டு போனது கேட்டது. பாய் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்ததுகூடக் கேட்டது. இதை முதல்நாளே செய்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் படுக்கிற இடத்தைத் தடவிக்கொடுத்தேன்.

அவர் அந்த அறைக்குத் திரும்பி வரவில்லை. ஆபரேஷன் புண் ஆறிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. கடைசி இரண்டு நாள் அவருக்கு நினைவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். அண்ணன் வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே இறங்கியவர், வெறுமையாகக் கிடந்த அந்த அக்னி மூலைச் சுவரைப் பார்த்தார். இரும்புச் சட்டம் பிடுங்கின ஓட்டைகள் தெரிந்தன. தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தார். வாய்விட்டு ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். மூலையில் நம்பிக்கையில்லாதவள்தான் நான். ஆனால் தனியாக இருக்கிற மத்தியானங்களில், ஒருவேளை அதுதானோ என்று என் மனசே என்னைக் கேட்கும்போது, நம்பிக்கை இல்லை என்று உரக்கச் சொல்ல எனக்குக் குரல் வருவதில்லை.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் கழித்து மகள் வந்திருந்தாள். செல்லில் நான் பிடித்துவைத்திருந்ததை எல்லாம் தன் செல்லுக்கு மாற்றிக்கொண்டு, இடம் அடைக்கிறதென்று என்னுடையதில் அழித்துவிட்டுப் போனவள், ஊரிலிருந்து போன் பண்ணினாள். சத்தத்தை எடுப்பதற்கென்றே செல்லில் ஒரு ஆப் இருக்கிறதாம். ஏசி இரைச்சலைத் தனியாகப் பிரித்து எடுத்துவிட்டு, பேச்சை மட்டும் மிச்சம் வைக்குமாம்.

"அம்மா, சுத்தமா எடுத்துட்டேன். அனுப்பியிருக்கேன், கேட்டுப் பாரு" என்றாள். பாவம், ராத்திரி பகலாக உட்கார்ந்து எனக்காகச் செய்திருக்கிறாள்.

கட்டிலில் உட்கார்ந்து, காதில் ஒட்டி வைத்துக் கேட்டேன். சுத்தமாகத்தான் இருந்தது. என் குரல் மணிமணியாகக் கேட்டது. "சொல்லுங்க", "ம்", "அப்புறம்?" என்று நான் கேட்கிறேன். பதிலுக்கு ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு 'காளை', எங்கோ ஒரு 'பஸ்ஸு'. அவருடைய குரலும் காற்றுத்தான், ஏசியும் காற்றுத்தான். எது இரைச்சல், எது என் வீட்டுக்காரர் என்று அந்த ஆப்புக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து வழித்து எடுத்துவிட்டது. நான் மட்டும் ஒரு வெறும் அறையில் உட்கார்ந்துகொண்டு யாரிடமோ கதை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்குப் போன் பண்ணினேன்.

"நல்லாயிருக்காம்மா?"

"நல்லாயிருக்கு சாமி. ஆனா கடைசில கொஞ்சம் இருக்குமே, அது காணமே."

"கடைசில நீ என்ன அஞ்சுன்னு கேக்குறம்மா. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் வெறும் ஏசி சத்தம்தான். அப்பா ஒண்ணுமே பேசல. அதான் வெட்டிட்டேன்."

அப்பா அங்கேதானடி பேசினார் என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படிச் சொல்வது? சொன்னால் அவளும் அழுவாள்.

"பழசை அழிச்சிராத. அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பிரு" என்றேன்.

"அதுல ஒண்ணும் கேக்காதேம்மா."

"பரவால்ல, அனுப்பு."

அனுப்பினாள். இப்போதெல்லாம் மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு அந்த அறைக்குப் போவேன். ஏசியைப் போடுவதில்லை. போட்டாலும் ஓடுவதே தெரியாது, அத்தனை அமைதி, அது எனக்கு எதற்கு? விசிறியையும் போடமாட்டேன். வியர்த்து ஊற்றும், ஊற்றட்டும். அவருடைய துண்டை மடியில் வைத்துக்கொண்டு, செல்லைக் காதோடு வைத்துக்கொண்டு அந்த இரைச்சலைக் கேட்பேன். உறுமுகிற அந்தப் பெட்டிக்கு அடியில் சேவுகம்பட்டிக்காரர் பஸ் ஏறுவதும், காளைகள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவருவதும், இவர் தோள் குலுங்கச் சிரிப்பதும் எனக்கு வரிக்கு வரி கேட்கும். அப்புறம் நான் என்ன அஞ்சு என்று கேட்பேன். அதற்கப்புறம் வெறும் ஏசிதான். நெடுநேரம் ஓடும். அந்த நேரம் முழுக்க என் கை துண்டுக்குள் அவர் கையில்தான் இருக்கிறது.

ஹாரன் சத்தம் எந்த இடத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நிறுத்திவிடுவேன்.